அடிக்காமல் விட்டவை

பனிக்காலத்தில் எனக்கு டயர் கடையில் வேலை.
லாரிக்கு அடியில் கிடந்தபோது
வெர்னா ஷூல்ட்டேயின் போன் வந்தது.
"அடித்ததைக் கேட்கவில்லை மிஸ்டர் கிராஸ்கா.
அடிக்காமல் விட்டது எத்தனை, தெரியுமா?"

தெரியாது. அதை யார் எண்ணுவார்கள்?

அவள் எண்ணியிருந்தாள்.
ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட், பில் சரிபார்க்கிற வேலை.
நோயாளிகள் தூங்கும் நேரத்தில்
ஆறு வருட ஸ்கோர் தாள்களைக் கூட்டிக் கழித்திருக்கிறாள்.
கெட்ட பந்து நான்கை விட்டுவிட்டு
முதல் பேஸுக்கு நடந்தே போகிறவன்
வட மினசோட்டாவில் என்னைப்போல் இன்னொருவன் இல்லையாம்.

என் அப்பா அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தார்.

பக்கத்து ஊர் அணியின் ஒரே ஒரு பிட்சருக்குக் கொடுப்பதில்
எங்கள் மொத்த அணியையும் வாங்கிவிடலாம்.
வாங்கினார்கள்.
கையைத் தரையோடு சுழற்றி வீசிச்
சிரிப்பை வரவழைக்கும் ஆர்லோ,
சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட கேட்சர்,
ஓடினால் மூச்சு முன்னே போய்விடும் நான்.
மே மாதத்திலும் பஸ்ஸுக்குள் வாயிலிருந்து புகை வந்தது.

கோச் முதல் வாரம் அவள் தாளைக்
காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தார்.
ஜூலையில் அது சட்டைப்பைக்குப் போனது.
நடந்தோம். நடந்தோம். நடந்தே ஜெயித்தோம்.
"தபால் ஆபீஸ் வரிசை மாதிரி ஆடுறீங்களேடா"
என்றான் சோளப்பொரி விற்கிறவன்.

கடைசி ஆட்டம். ஒரு ரன் பின்தங்கி,
மூன்று பேஸிலும் ஆள்,
இன்னொரு பந்தில் எல்லாம் முடியும்.
வந்தது.
வெளியே. ஒரு விரல்கடை வெளியே.
விட்டேன்.

அம்பயரின் கை உயர்ந்தது.

மட்டையைத் தோளில் சாய்த்து
பஸ்ஸுக்கு நிற்பவன்போல் நான் நிற்கும் படம்
மறுநாள் பேப்பரில்.
வெர்னா தன் நோட்டைக் காட்டினாள்:
அந்தப் பந்துக்கு நேரே பச்சை மையில் "சரி",
பக்கத்தில், சின்னதாக, ஒரு கேள்விக்குறி.

மார்ச்சில் மறுபடியும் போன்.
முப்பத்தைந்து தாண்டினால் கண் பிந்துமாம்,
எவ்வளவு பிந்தும் என்பதற்கும்
ஒரு பத்தி வைத்திருந்தாள்.
குரல் உடைந்தது. கணக்கு உடையவில்லை.
ஜாக்கியை இறக்கிவிட்டுக் கை துடைத்தேன்.

வைப்பதற்கு முன்னால் கேட்டாள்:
"அந்தப் பந்து... வெளியேதானே?"

ஒரு விரல்கடை, என்றேன்.

பேனா எதையோ அடிக்கும் சத்தம் கேட்டது.