படகுத்துறைத் தராசு

பாங்காய் படகுத்துறையில்
எடை பார்ப்பது என் வேலை.
கொப்பரை மூட்டை, சிமெண்ட்,
தலைநகருக்குப் போகும் பன்றி,
தெற்கிலிருந்து உறைந்து வரும் ஆட்டு விலாப் பெட்டிகள்.
வெள்ளை வெள்ளையாய்க் கொழுப்பு,
நடுவே இறைச்சி ஒரு சிவப்புக் கோடு.
அனுப்புகிற நாட்டில் நாய்க்குப் போடுவார்களாம்.
எங்கள் கடையில் மீனைவிட மலிவு.

கப்பல் வராத ஒரு செவ்வாய்க்கிழமை
ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது.
நர்ஸ் லோசலீன் இறங்கினாள்,
பள்ளியில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தவள்.
பின்னிருக்கை முழுவதும் சியோசாயா.
தேவாலயத்தில் அவர் அடிக்குரல் எடுத்தால்
கண்ணாடிச் சன்னல் அதிரும்.

"காலில் ரத்தம் கட்டியிருக்கிறது.
ஊசி மருந்து எடைக்குத் தக்கபடி.
கூடினால் உள்ளே கசியும்,
குறைந்தால் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும்.
கண்ணால் பார்த்து மதிப்புப் போட
இதென்ன கருணைக்கிழங்கா?
எங்கள் மெஷின் நூற்றைம்பதோடு
கைவிரித்துவிடுகிறது, மனாசே."

சியோசாயா இறங்கவில்லை.
"பன்றி நின்ற இடத்தில் நானா?"
என்றார்,
யாரையும் பார்க்காமல்.

லோசலீன் பதில் சொல்லவில்லை.
வாளி கேட்டாள். சோப்பு கேட்டாள்.
சீருடையோடு மண்டியிட்டு
இரும்புப் பலகையைத் தேய்த்தாள்.
தாழம்பாய் ஒன்று விரித்தாள்.
பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத்
தானே ஏறி நின்றாள்.

"சத்தமாகப் படி."
"நூற்றுப் பதினெட்டு."
"அரைக் கிலோவை எங்கே ஒளித்தாய்?
கணக்கில் கைவைக்காதே!"
"நூற்றுப் பதினெட்டரை!"
வலை பிரித்துக்கொண்டிருந்த பையன்கள்வரை கேட்டது.
வேனுக்குள் ஒரு சிரிப்பு,
அடிக்குரலில்.

அவர் ஏற எட்டு நிமிஷம் ஆனது.
அவள் தோளில் அவர் கை,
என் தோளில் மற்றது.
பையன்களுக்கும் அவருக்கும் நடுவே
அவள் கதவு மாதிரி நின்றுகொண்டாள்.
முள் நடுங்கி, யோசித்து, நின்றது.
அவள் எடையை ஊருக்குச் சொன்ன நான்
அவர் எடையை அவள் காதுக்குச் சொன்னேன்.
அந்த எண்ணை
இங்கேயும் சொல்வதாக இல்லை.

ஆஸ்பத்திரிச் சுவரொட்டியில்
ஒல்லியான வெளியூர்க்காரர்கள் கடற்கரையில் நடக்கிறார்கள்.
நட, குறை, கட்டுப்படுத்து என்று
எழுதியிருக்கிறது.
என் பேரேட்டைப் புரட்டினேன்.
இந்த வருஷம் மட்டும்
ஆயிரத்து நாற்பது பெட்டி விலா
என் கையெழுத்தில் கரையேறியிருக்கிறது.
ஒரு பெட்டியிடமாவது யாராவது சொன்னார்களா
வெட்கப்படு என்று?
நானும் சொல்லவில்லை.
சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு பொட்டலம்
நானும் எடுத்துப் போகிறேன்.

பாயைச் சுருட்டக் குனிந்தவள்
குனிந்தபடியே இருந்தாள்.
என் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

"இந்த விரலுக்கு என்ன?"
"போன வாரம் பெட்டி விழுந்தது."
"கறுத்திருக்கிறதே. வலித்ததா?"
"துளிகூட இல்லை" என்றேன்,
துறைமுகத்துக்காரனின் பெருமையோடு.

அவள் சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன்.
கால்நகத்தை அழுத்தினாள்.
பாதத்தில் ஒரு புல்லால் கோடு இழுத்தாள்.
"இப்போது எதைத் தொடுகிறேன்?"
கடலைப் பார்த்துக்கொண்டு
"இன்னும் தொடவில்லையே" என்றேன்.

எதுவும் பேசாமல் எழுந்து
வேன் கதவைத் திறந்தாள்.
உள்ளே
சியோசாயா மூச்சைப் பிடித்து
ஒரு சாண் நகர்ந்து
எனக்கு இடம் விட்டார்.