உறுதி செய்யப்படவில்லை

பிரெமர்ஹாஃபன் நகராட்சி, பிறப்புப் பதிவுப் பிரிவு.
பத்தொன்பது வருடமாக இந்த நாற்காலி என்னுடையது.
என் பெயர் கெஸீன் ப்ரோக்ஹோஃப்.
பின்பாதி அப்பாவுடையது,
விவாகரத்துக்குப் பிறகு திரும்ப வாங்கினேன்.
ஒரு படிவம், சிறு கட்டணம், பத்து நிமிடம்.

அவளிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.
துகினா.
"குடும்பப் பெயர்?"
"துகினா."
"சரி, முதற்பெயர்?"
சற்று யோசித்து, எனக்கு உதவுகிறவள் போல
"அதேதான்" என்றாள்.
ஜாவாவில் அவள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தானாம்.

கட்டம் காலியாக இருந்தால்
கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது.
விசாவில் யாரோ துகினா துகினா என்று போட்டிருக்கிறார்கள்.
வங்கி அட்டையில் ஒரு கோடு, பிறகு துகினா.
காப்பீட்டுக்காரர்களுக்கு அவள் பெயரிலி துகினா.
மீன் தொழிற்சாலைச் சம்பளச் சீட்டில்
திருமதி ஜாவா.
பிறந்த இடத்தைக் கட்டம் மாற்றி நிரப்பிவிட்டார்களாம்.
அந்தப் பெயரில் வரி மட்டும்
மாதம் தவறாமல் பிடித்திருக்கிறார்கள்.

ஆக என் மேசைக்கு எதிரே நான்கு பெண்கள்.
நாலு பேருக்கும் சேர்த்து ஒரே குளிர்ச்சட்டை,
முழங்கையருகே தையல் விட்டது.
நெஞ்சில் கட்டிய துணிக்குள்
பதினோரு நாள் குழந்தை.

தந்தை?
கப்பலில் என்றாள்.
எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை,
அதற்குத் தனிப் படிவம்.

ஊரிலிருந்து வந்த அவளுடைய பிறப்புச் சான்று,
கையால் எழுதியது, முத்திரை மழையில் ஊறியது.
மொழிபெயர்ப்பாளர் ஏற்றுக்கொண்டார், பக்கத்துக்கு நாற்பத்தெட்டு யூரோ.
நான் ஏற்க முடியாது.
கடவுச்சீட்டில் இருப்பதைவிட
மூன்று நாள் முன்னதாகப் பிறந்திருக்கிறாள்.
"இதில் எது சரி?"
"எனக்கு ஞாபகமில்லை, ரொம்பச் சின்னவள்."
அவள் சிரிக்கவில்லை.
நான்தான் சிரித்தேன், இருமல் போல மாற்றிக்கொண்டேன்.

குடியேற்ற அலுவலகம் இரண்டு மாடி மேலே.
அங்கே இயந்திரத்தில் அவள் விரல் பதியவில்லை.
மூன்று வருடம் மீன் துண்டுகளுக்கு
ரொட்டித்தூள் பூசிய விரல்கள்.
களிம்பு தடவிக்கொண்டு வரச் சொன்னார்களாம்.
களிம்பு தடவிப் போனபோது
குழந்தையின் தாள் எங்கே என்றார்களாம்.
குழந்தையின் தாளுக்கு
நான் அவர்களுடைய தாளைக் கேட்கிறேன்.
லிஃப்ட் மார்ச்சிலிருந்து பழுது.
நிறைமாதத்திலும் ஏறி இறங்கியிருக்கிறாள்.

நகலெடுக்க நான் எழுந்தபோது குழந்தை அழுதது.
திரும்புவதற்குள்
அவள் சட்டையின் இடப்பக்கம்
ஒரு யூரோ நாணயமளவு ஈரம்,
பிறகு தேநீர்த் தட்டளவு.
என் கோப்பை எடுத்து மறைத்துக்கொண்டாள்,
அவளுடைய வழக்கு இருந்த அதே கோப்பு.

நானும் இரண்டு பெற்றவள்.
அந்த வட்டத்தை வருடி எடுக்க
என் ஸ்கேனரில் இடமில்லை.
தவிர, நேர்மையாகச் சொன்னால்,
பிறர் பிள்ளை அழுதாலும் பால் சுரக்கும்.
ஆதாரமாக அது நிற்காது.
இப்படித்தான் நான் யோசித்தேன்,
கையில் சூடான நகல்களோடு,
யோசித்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

விதியில் குழப்பம் எதுவுமில்லை.
சான்றிதழ் இல்லை, பதிவேட்டுப் பிரதி தரலாம்,
ஓரத்தில் ஒரு வரியோடு:
தாயின் அடையாளம் உறுதி செய்யப்படவில்லை.
அதை நான் தட்டச்சு செய்யவே வேண்டாம்,
பட்டியலில் தயாராக இருக்கிறது,
ஒரு சொடுக்கு.

விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.
"தாய்" என்ற இடத்தில் நின்று,
"இது நான்" என்றாள்.
ஆமாம் என்றேன்.
மிச்சத்தை வாசித்தாளா, தெரியவில்லை.
தாளை நாலாக மடித்துத் துணிக்குள் வைத்தாள்,
குழந்தையின் காலடியில்.

முதற்பெயர் அரும்.
குடும்பப் பெயர் துகினா.
இந்த முறை கணினி
ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

அடுத்த எண்ணை நான் உடனே அழைக்கவில்லை.
படிக்கட்டில் அவள் காலடி
கீழே இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
இல்லை, மேலே.