ஏழு கிலோ

காமலாபுரத்தில் வந்து போகும் விமானங்களை
விரல்விட்டு எண்ணலாம்,
விரல் மிச்சமிருக்கும்.

தராசில் பையை வைத்தேன்.
ஒன்பது புள்ளி நான்கு.
அனுமதி ஏழு.

இரண்டு கேமரா, மூன்று லென்ஸ்,
முனைகளில் டேப் ஒட்டிய பதினோரு பேட்டரி.
ஹைதராபாத்தில் விடிந்தால் முகூர்த்தம்.
"லக்கேஜ்ல போட்டுருங்க" என்றாள் கவுண்டர் பெண்,
தலை நிமிராமல்.
பேட்டரியைப் போட விதி விடாது.
லென்ஸைப் போட நான் விடமாட்டேன்.
போன வருடம் கொச்சியில்
பெல்ட்டில் கவிழ்ந்து வந்த ஒன்றுக்கு
இன்னும் தவணை கட்டுகிறேன்.

ஆகவே
மே மாத வெயிலில்
கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டினேன்.
ஏற்காட்டுக் கல்யாணங்களுக்கென்று வாங்கியது, ஆறு பாக்கெட்.
இடப்பக்கம் எண்பத்தைந்து,
வலப்பக்கம் ஐம்பது,
நெஞ்சோடு ஆறு பேட்டரி.
எழுபது-இருநூறு மட்டும் எதிலும் நுழையவில்லை.
அதைத் துப்பட்டாவில் சுற்றி
இடுப்பில் வைத்துக்கொண்டேன்.
"எத்தன மாசமுங்க?" என்றார்
வரிசையில் பின்னால் நின்றவர்.

விமானத்துக்கு எடை அதேதான்.
தராசுக்குத்தான் குறைந்தது.
ஏழு புள்ளி இரண்டு.

"அந்த ஹார்ட் டிஸ்கயும் எடுத்துருங்க்கா."

அக்கா என்ற பிறகுதான்
அவள் மார்பில் பெயரைப் படித்தேன்:
கோகிலவாணி.
தாரமங்கலம் ரோட்டு மண்டபம், போன தை,
மீதி பதினெட்டாயிரம்.
சிவகாசியில் பிரிண்ட் தாமதம் என்று தொடங்கினேன்.
பணம் வராமல் ஆல்பத்தைப் பிடித்துவைத்திருந்ததை
அவளும் அறிவாள்.

"இதுலதான் இருக்குதா?"
"இதுலதான்."
"அழிச்சிருங்க்கா.
மீதிய மாசாமாசம் குடுத்தர்றேன்."

போர்டிங் பாஸ் அச்சாகி வந்தது.
ஜன்னல் சீட் போட்டிருந்தாள்.

பாதுகாப்புச் சோதனையில்
மாட்டியதையெல்லாம் கழற்றி நான்கு ட்ரேயில் பரப்பினேன்.
திரையில் என் கேமராக்கள்
நீலமும் ஆரஞ்சுமாக எலும்பு காட்டின.
அவற்றை இதுவரை யாரும் படமெடுத்ததில்லை.
காவலர் பெல்ட்டை நிறுத்தினார்.
"இது என்ன?"
"ஹார்ட் டிஸ்க்."
"உள்ள?"
"கல்யாணம்."
"யாரோடது?"
"இருபத்தேழு பேரோடது, சார்."
திரையில் அது ஒரு வெறும் செவ்வகம்.
போகச் சொன்னார்.

சின்ன விமானம். மேல்தட்டு என் பையை விழுங்கவில்லை,
கால்களுக்கு நடுவே கிடந்தது.
விசிறி சுழன்று தரை நழுவ,
மேக்னசைட் குழிகள் வெள்ளை வெள்ளையாய்,
கரடுகள் ஒவ்வொன்றாய் முதுகு காட்ட,
அதற்கப்பால் சேர்வராயன் மலை.
கொண்டை ஊசி வளைவுகளைத் தேடினேன்.
பதினான்காவதில்தான் எடுத்தோம்,
சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே.
"கொஞ்சம் கலர் ஏத்தி வுட்டுருங்க" என்றான் மாப்பிள்ளை,
அவள் காதுபடவே.
அவள் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பையும் எடுத்தேன்.

கலரும் ஏற்றினேன்.
இரண்டு புள்ளி.

"ஏசி அதிகமா இருக்கா மேடம்?" என்றாள் பணிப்பெண்,
கோட்டைப் பார்த்து.
உள்ளே முதுகு நனைந்திருந்தது.

அன்றிரவு விடுதியில் மடிக்கணினியைத் திறந்தேன்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
தாலி, தட்டு, பந்தி,
எல்லாவற்றிலும் அவன் தோள்.
நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது.
ஆம் என்று சொல்லும் முன்
ஒருமுறை மேலிருந்து உருட்டினேன்.

அதிகாலை நாலு நாற்பது.
மேக்கப்புக்கு முன்னால்,
பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணமிட்டு
தனியாக இட்லி தின்கிறாள்.
சட்னி கட்டைவிரலில்.
கலர் ஏற்றாத படம்.

அதை என்ன செய்தேன் என்று
இங்கே எழுதப்போவதில்லை.

திரும்பும் நாளில் வேறு கவுண்டர், வேறு பெண்,
அதே கோட்டு.
இடப்பக்கம் எண்பத்தைந்து, வலப்பக்கம் ஐம்பது.
பையைத் தூக்கி வைத்தேன்.

ஏழு புள்ளி இரண்டு.