வைப்புத்தொகை

நாளை பதினோரு மணிக்கு
சாவி வாங்க வருகிறார் மிஸஸ் ஓங்.
அதற்குள் இந்தக் குளியலறை
நாங்கள் ஒருபோதும் குளிக்காத அறையாகிவிட வேண்டும்.

ஈசூன், ஒன்பதாவது மாடி.
ஐந்து பேர், இரண்டரை ஆண்டு, ஒரே ஷவர்.
காலையில் ஆளுக்கு ஏழு நிமிடம்,
எட்டாவது நிமிடத்தில் கதவு தட்டப்படும்.
அவர் கையில் இருக்கிறது
எங்களுடைய இரண்டு மாத வாடகை.
ஓடுகளுக்கு இடையில் ஓடும் கறுப்புக் கோடுகளில்
அது கரைந்துகொண்டிருக்கிறது.

முக்காலி மேல் இருதயராஜ்.
சன்னலின் கண்ணாடிப் பலகைகளை
ஒவ்வொன்றாக உருவிக் கொடுக்கிறான்.
தேய்த்துத் தேய்த்துச் சுவரோரம் சாய்க்கிறேன்,
காயப்போட்ட அப்பளம்போல்.
செந்தூரன் கைபேசியைப் பார்த்துப் படிக்கிறான்:
வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாதாம்,
விஷப்புகை வருமாம்.
"கோவேந்தனையும் இருதயராஜையும் ஒரே ரூம்ல போட்ட மாதிரி"
என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

தரை வடிகால் மூடியைத் தூக்கியதும்
யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
இழுக்க இழுக்க வந்தது, ஒரு முழத்துக்கு,
முடி.
கறுப்பு, நரை, மருதாணிச் சிவப்பு.
ஐந்து தலைகளில் உதிர்ந்ததெல்லாம்
இங்கே ஒரே சடையாகப் பின்னிக் கிடந்திருக்கிறது.
உன்னுது, இல்லை உன்னுது என்று
ஆளுக்காள் தள்ளிவிட,
வழுக்கை விழுந்த கோவேந்தன் மட்டும்
உரிமையோடு கிட்டே வந்து பார்த்தான்.
"முக்கால்வாசி என்னோடது."

கைகழுவும் தொட்டி விளிம்பில்
மிளகளவு ஒரு பழுப்புப் புள்ளி.
ஞாயிறு இரவு, மகளோடு காணொளியில் பேசுமுன்
பூபாலன் அண்ணன் மீசைக்குப் பூசும் சாயம்.
பேக்கிங் சோடா, எலுமிச்சை, பழைய பல்துலக்கி,
இரண்டு கெட்ட வார்த்தை,
எதற்கும் மசியவில்லை.
அவரே குனிந்து நகத்தால் சுரண்டினார்.
"போன வாரம் கேட்டுட்டா,
அப்பா உங்க மீசை மட்டும்
ஏன் இவ்வளவு கறுப்புன்னு."

கதவுக்குப் பின்னால் இருக்கும் மூலை என் பங்கு.
பாஸ் நீட்டிப்பு இல்லையென்று
மின்னஞ்சல் வந்த காலையில்
குழாயைத் திறந்துவிட்டு இங்கேதான் நின்றேன்.
சுவரில் நெற்றி வைத்த இடம்
எனக்கு மட்டும் தெரியும்.
அன்று எட்டாவது நிமிடம் யாரும் தட்டவில்லை.
ஒன்பதாவது நிமிடமும்.
அங்கேயும் பிரஷ்ஷைப் போட்டேன்.
மற்ற இடத்தைவிடச் சுலபமாகப் போனது அழுக்கு.

நள்ளிரவு.
சிலிக்கான் ஓரத்தில் மட்டும் பூசணம் பாக்கி.
டிஷ்யூவைத் திரியாகத் திரித்து
பிளீச்சில் நனைத்துச் சுற்றிலும் கிடத்தினோம்.
விளக்குக்குத் திரி போட்டாற்போல் இருந்தது,
ஏற்றத்தான் ஒன்றும் இல்லை.
கண் எரியக் கதவைச் சாத்திவிட்டுப்
பெட்டிகளுக்கு நடுவே படுத்தோம்.

காலையில் பார்த்தால்
ஓடுகள் சாம்பல் நிறமே இல்லை.
வெளிர் நீலம்.
இரண்டரை ஆண்டும்
நீலத்துக்குள் நின்று குளித்திருக்கிறோம்,
சாம்பலுக்குப் பொருத்தமாக மிதியடி வேறு வாங்கி.

மணி ஒன்பது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த இருதயராஜை
நால்வரும் கை கோத்து மறித்தோம்.
"ஒரே ஒரு தடவைடா..."
"கீழே போ."

பிறகு எல்லோருமே போனோம்.
லிஃப்டில் ஒன்பது மாடி இறங்கி,
காப்பிக்கடைக் கழிப்பறை வாசலில்
ஆளுக்கு இருபது காசு வைத்து
வரிசையில் நின்றோம்.
மேலே யாரும் தொடாமல்
உலர்ந்துகொண்டிருந்தது எங்கள் நீலம்.

திரும்பும்போது பூபாலன் அண்ணன்
ஆறு காப்பி வாங்கினார்.
ஆறாவது,
பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல்,
மிஸஸ் ஓங் குடிக்கிறபடி.