முனிரத்தினத்தின் மூக்கு

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
ஜெராக்ஸ் கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவே
கல் சோதிக்கிற மேசை என்னுடையது.
சம்பளம் சேட்டு தருகிறார்.
உண்மையை நான் சொல்ல வேண்டும்,
இருநூறு ரூபாய்க்கு, முத்திரை குத்தி.

வருகிறவர்கள் விற்க வருகிறவர்கள்.
மால்டா, அகர்தலா, சில்சார்.
இரண்டு ராத்திரி ரயிலில் கிடந்து
காட்பாடியில் இறங்கி
ஸ்கேனுக்குத் தேதி வாங்கியவர்கள்.
சோதிடர் சொல்லிப் போட்டதை
டாக்டர் சொல்லிக் கழற்றுகிறார்கள்.

நீலம் என்றால் கையில் தரமாட்டார்கள்.
கைக்குட்டையில் முடிந்து
குட்டிப் பாம்பைப் போல மேசையில் விடுவார்கள்.
கோமேதகம், பேரைப் பிரித்தால் பசுவின் கொழுப்பாம்.
எனக்கு அது ஆறிய டீ.
கெம்பு என்று வருவதில் பாதி கெம்பில்லை,
அதை முகத்துக்கு நேரே சொல்ல
இன்னும் எனக்கு வரவில்லை.
சீட்டை மடித்துத் தருகிறேன்.

எந்த ஊர்க் கல் என்றும் கேட்பார்கள்.
லென்ஸில் உள்ளே இறங்க வேண்டும்.
பட்டிழை நீளமாய் ஓடினால் இலங்கை,
குட்டையாய் நெருங்கினால் பர்மா.
பச்சைக்குள் ஒரு சொட்டு உப்புநீர்,
நீருக்குள் ஒரு குமிழ், ஒரு படிகம்,
மூன்றும் சேர்ந்திருந்தால்
அநேகமாகக் கொலம்பியா.
குறைதான் ஊர்ப்பேச்சு.
குறையில்லாத கல் வாய் திறக்காது.

பரீட்சைக்குப் படிக்கையில்
ஒரு வரியில் நின்றுவிட்டேன்.
கெம்பு சிவப்பதற்கும்
மரகதம் பச்சையாவதற்கும்
ஒரே காரணம். குரோமியம்.
துளியூண்டு. நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

எனக்குத் தெரிந்த குரோமியம்
ராணிப்பேட்டையில், பேக்டரிக்குப் பின்னால்
மேடாய்க் கிடந்தது.
மழை பெய்தால் மஞ்சள் வழியும்.
கிணற்றில் வாளி விட்டால்
புஷ்பராகம் மொண்டு வரும்.
தோல் ஷாப்புகளுக்குப் போகிற மூட்டையை
அப்பா பதினோரு வருஷம் சுமந்தார்.
பேர் முனிரத்தினம்.
மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை,
மிளகு நுழையும்.
வலிக்காது என்பார்.
"புல்லாக்கு போட
ஆசாரி கூலி மிச்சம்" என்பார்.
அம்மா சிரித்ததில்லை.

நேற்று அனிமா மண்டல் வந்தாள்.
புருஷனுக்கு ஆபரேஷன்,
கட்ட வேண்டியது இன்னும் எண்பதாயிரம்.
மாமியார் போட்ட மோதிரம்,
சோப்பு நுரையில் கழற்றிய வெள்ளைத் தடம் விரலில்.
வடிகண்ணாடியில் பார்த்தேன்.
பச்சை சிவந்தது,
சிவக்க வேண்டியதற்கும் மேலே.
உள்ளே இறங்கினேன்.
பாசி இல்லை. கீற்று இல்லை.
குமிழ் இல்லை, உப்புநீர் இல்லை.
கழுவிவிட்ட கூடம்.
உலையில் பிறந்த கல்.

அசலா, நகலா? இந்தியில் கேட்டாள்.
என் இந்தி நாலு வார்த்தை.
நிறம் அசல் என்றேன்.
அது பொய்யில்லை.
சேட்டு உள்ளேயிருந்து
தொள்ளாயிரம் என்றார்.

அவள் அழவில்லை.
விரலை எச்சில் தொட்டு
மோதிரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.
இருநூறை எண்ணி வைத்தாள்,
பத்து ரூபாய்த் தாள்களாக.
சீட்டில் 'பிறந்த ஊர்' கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.

ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்தேன்.
பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணல்மேல் நிலா.
வீட்டில் கரண்ட் இல்லை.
அப்பா வாசலுக்குக் குறுக்கே
பாய் விரித்துப் படுத்திருந்தார்.
பையிலிருந்த சின்ன டார்ச்சை
அவர் மூக்கில் பிடித்தேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.
தொழில் பழக்கம்.

ஓட்டை தாண்டி வெளிச்சம்
அந்தப் பக்கச் சதையில் பட்டு
சிவந்தது.
மோகோக் சுரங்கத்திலும்
இப்படிச் சிவக்குமா தெரியாது.

கண் திறக்காமலே கேட்டார்,
"எந்த ஊர்னு எழுதப்போற?"