காற்று நுழையும் மூலை

காலை ஒன்பது. இன்னும் விடியவில்லை.
புந்தா அரினாஸில் ஜூன் மாதம் இப்படித்தான்,
சூரியன் வேலைக்குத் தாமதமாக வந்து
சீக்கிரமே கிளம்பிவிடும்.
நானாயிருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் விற்கிறோம்.
விற்க ஓர் ஆள் வேண்டும்.
முதலாளி அச்சடித்துத் தந்த படிவத்தில்
ஆறு கட்டங்கள்:
பேச்சு, தோற்றம், துணிச்சல்,
ஓட்டுநர் உரிமம், இலக்கு வெறி.
ஆறாவதில் மை பரவி எழுத்து அழிந்திருந்தது.
அதைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தவன் லியாந்த்ரோ.
உட்காருமுன்பே என்னைப் புகழ்ந்தான்,
பிறகு ஜன்னலை, பிறகு நகரத்தை,
பிறகு, வேறேதும் மிஞ்சாததால், காற்றை.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும். பிழைக்கட்டும்.
நாற்பது நிமிடத்தில் அவன் கேட்ட ஒரே கேள்வி
சம்பளம் பற்றியது.
நியாயமான கேள்விதான், குறித்துக்கொண்டேன்.

அடுத்தவன் விலைப்பட்டியலை
மில்லிமீட்டர் பிசகாமல் ஒப்பித்தான்.
நடுவில் நான் தும்மினேன்.
விட்ட இடம் தெரியாமல்
மறுபடி முதலிலிருந்து வந்தான், பாவம்.

யாரித்சா ஒயார்சோ இருபது நிமிடம் தாமதம்.
"முனையில் கயிறு கட்டிவிட்டார்கள்" என்றாள்.
பெருங்காற்று நாளில் நடப்பவர் பிடித்துக்கொள்ளும் கயிறு.
"நடுவில் ஒருவர் நகர முடியாமல் நின்றுவிட்டார்.
அவரோடு சேர்ந்து வந்தேன்."
மன்னிப்புக் கேட்கவில்லை.
கதையை நீட்டவும் இல்லை.

எட்டு வருடம் நண்டு ஆலையில் ஓடு உடைத்த கை,
விரல் மூட்டெல்லாம் வெள்ளைத் தழும்பு.
பிறகு வீடு வீடாக விறகு விற்றிருக்கிறாள்.
"எத்தனை பேர் வேண்டாம் என்பார்கள்?"
"தெருவுக்கு ஒருவர் வாங்குவார்.
எந்த ஒருவர் என்று தெரியாது,
அதனால் எல்லாக் கதவும்."
"வேண்டாம் என்றவரிடம் மறுபடி போனாயா?"
"குளிர் மறுபடி வந்தது. நானும் போனேன்."

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள்.
என் முதுகுப்பக்க ஜன்னல்,
எங்கள் தயாரிப்பு, எங்கள் ஆட்கள் பொருத்தியது.
சட்டத்தின் ஓரமாகப் புறங்கையை நகர்த்தி
கீழ் மூலையில் நிறுத்தினாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

"இங்கே வருகிறது.
தோளில் சால்வையைப் பார்த்தேன்,
ஹீட்டர் எரியும் அறையில் எதற்கென்று யோசித்தேன்."

ஆறு வருடமாக அந்தச் சால்வை.
எனக்கு வயதாகிறது என்று நினைத்திருந்தேன்.

"சரி, இந்த ஜன்னலை எப்படி விற்பாய்?"
"முதலில் இந்த மூலையை அடைப்பேன்."

முதலாளி தோன் விலாஹோ படிவத்தைப் புரட்டினார்.
பேச்சு, பத்துக்கு நாலு.
தோற்றத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.
"இவளா?"
"இவள்தான்."
"காரணம்?"
ஆறாவது கட்டத்தைக் காட்டினேன்.
"அங்கே ஒன்றுமே இல்லையே."
"அச்சகத்தைக் கேளுங்கள்" என்றேன்.

முதல் மாதம் அவள் விற்றது இரண்டே இரண்டு.
மூன்றாவது வீட்டில், திருமதி மான்சிய்யாவிடம்
"உங்களுக்கு ஜன்னல் வேண்டாம்,
கூரைத் தகரத்தில் ஆணி கழன்றிருக்கிறது" என்று
சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.
ஏறி அடித்தும் கொடுத்தாளாம்.
முதலாளியின் குரல் கிடங்குவரை கேட்டது.
அவர் சொன்னதிலும் தவறில்லை,
ஆணிக்கு நாங்கள் ரசீது போடுவதில்லை.
அன்றிரவு நானும் கணக்குப் பார்த்தேன்,
கொஞ்சம் பயந்தேன் என்றே வையுங்கள்.

திருமதி மான்சிய்யா இதுவரை எதுவும் வாங்கவில்லை,
யாரையும் அனுப்பி வைக்கவுமில்லை.
நேற்று மட்டும் தொலைபேசியில் அழைத்து
"அந்தப் பெண் இன்னும் அங்கேதானே இருக்கிறாள்?" என்றார்.
எதற்கென்று கேட்டேன்.
"சும்மாதான்" என்று வைத்துவிட்டார்.

நாளை இன்னொரு நேர்காணல்,
இன்னோர் ஆள் வேண்டும்.
வருகிறவருக்கு நாற்காலியை எங்கே போடுவதென்று
குழம்பி நிற்கிறேன்.
கீழ் மூலையை யாரித்சா அடைத்துவிட்டாள்.
சால்வை கொக்கியில் தொங்குகிறது.

இனி நான் எதை வைத்துச் சோதிப்பேன்?