இருபத்தைந்தாம் துறை

குருநகரில், அலுமாரிக்கு மேல்,
மூடி கழன்ற பழைய மடிக்கணினிதான்
இனி எங்கட தபால் கந்தோர்.

ஐந்து நிமிசத்துக்கொருக்கா வெளியில போய்
என்ர பேருக்கு வந்ததெல்லாம்
அள்ளிக்கொண்டு வா எண்டு எழுதி வைச்சன்.
போனது. அள்ளினது.
பதினோராயிரத்துச் சொச்சம்.
வங்கி, காப்புறுதி, ஆரோ விக்கிற சப்பாத்து,
நடுவில, திறக்காமலே விட்ட
எமில்டாவின்ர ரெண்டு வரி.

அங்க ஒரு பிரதியை விட்டுவை எண்டு
ஒரு சொல்லுப் போட்டிருக்கவேணும்.
போடேல்லை.
இப்ப எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான்,
விசிறிக்குள்ள உப்புக்காத்தோட.

சரி, பதில் அனுப்புவம்.
இருபத்தைந்தாம் துறையில மறிச்சாங்கள்.
காரணமும் வந்தது, மரியாதையா:
வீட்டு விலாசங்களை நாங்கள் நம்புவதில்லை.
வாசிச்சுச் சிரிச்சன்.
இதைச் சொல்லப் புதுசா ஒரு இயந்திரம் வேணுமே
எங்களுக்கு?

ராத்திரி ஒன்றரைக்கு வேற வழி கண்டன்.
சிங்கப்பூரில ஆரோ ஒருத்தன்ர கணினி
மாசக் கூலிக்குக் கைமாத்தி விடுமாம்.
எமில்டா இருக்கிறது பாசையூரில,
சைக்கிளில ஆறு நிமிசம்.

அனுப்பு எண்டு தட்டினன்,
கரண்ட் போனது.
றவுட்டர் கண்ணை மூட
மடிக்கணினி மட்டும் பற்றரியில முழிச்சிருக்கு.

கடிதம் வரிசையில நிக்குது.
ஐந்து நாளைக்குத் திருப்பித் திருப்பிப் போய்
கதவைத் தட்டு எண்டு
நான்தான் எழுதி வைச்சனான்.

அவளின்ர படலையில நான்
ஒருக்காத்தான் தட்டினனான்.